என் பேரைத் தேடினேன், இருந்துச்சு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி-லருந்து இங்கிலீஷ் மீடியம். பிளஸ் டூவில மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த கூட்டத்துல நானும் ஒருத்தி. அதனால இந்தக் கட்டுரையில எங்கயாவது ஒற்று மிகாம போயிருந்தாலோ, மிகக்கூடாத இடத்துல மிகுந்திருந்தாலோ, எடிட்டர் டீமைத் திட்டுங்க. "நடந்ததை நீயே எழுது, தமிழ்லயே எழுது"ன்னு ரெண்டு வாரமா என் உயிரை எடுத்தது அவங்கதான்.

நடந்தது இதுதான். நம்ம காலேஜோட ரத்ததான லிஸ்ட் சைட் உங்களுக்குத் தெரியும். முதல் வருஷம் ஓரியண்டேஷன்ல என்.எஸ்.எஸ். ஆட்கள் வந்து பேர், பிளட் குரூப், போன் நம்பர் கேட்டு வாங்குவாங்களே, அது. அந்த சைட்டை கிளவுட்ல இருந்து நம்ம டிபார்ட்மென்ட் சர்வருக்கு இறக்குற வேலையை நான் எடுத்துக்கிட்டேன். அந்த வேலையில, ரெண்டு வருஷத்துல சேர்ந்த ஆட்களோட விவரம் மொத்தத்தையும் தொலைச்சேன். கடந்த நவம்பர்ல உங்க கிளாஸுக்கு ஒரு பொண்ணு வந்து "எல்லாரும் மறுபடியும் ஃபார்ம் ஃபில் பண்ணுங்க ப்ளீஸ்"னு நின்னா இல்லையா, அது நான்தான். காரணம் கேட்டவங்களுக்கு "டெக்னிக்கல் இஷ்யூ"ன்னு சொன்னேன். முழுக் காரணம் இங்க இருக்கு.

இந்த சைட் ஆரம்பிச்சது 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில. அப்ப ரெண்டாவது வருஷம் படிச்சிட்டிருந்த சீனியர்ஸ் வீட்டுல உட்கார்ந்தபடியே ஆக்சிஜன், பெட், ரத்தம்னு லிஸ்ட் போட்டுப் பகிர்ந்தாங்க. அலை ஓய்ஞ்சதும் மத்ததெல்லாம் நின்னு போச்சு, ரத்த லிஸ்ட் மட்டும் நிலைச்சுது. அதை ஒரு அண்ணா தன்னோட சொந்த ஏ.டபிள்யூ.எஸ். அக்கவுண்ட்ல, மும்பை ரீஜன்ல, ஒரு சின்ன உபுண்டு மெஷின்ல வச்சிருந்தார். 2023-ல பாஸ் அவுட் ஆகி பெங்களூரு போன பிறகும் அவர் கார்டுல இருந்துதான் மாசா மாசம் பணம் போயிட்டிருந்துச்சு. நாலாயிரத்துக்கு மேல. 2024 பிப்ரவரில இருந்து பப்ளிக் ஐபி அட்ரஸுக்குக்கூட மணிக்கு அரை சென்ட் தனியா போட ஆரம்பிச்சுட்டாங்க. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்ல. கடந்த செப்டம்பர்ல போன் பண்ணி, "அடுத்த மாசம் கல்யாணம்மா. இதை மட்டும் காலேஜ் சைடுல எடுத்துக்க முடியுமா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்களுக்கு வெட்கமா போச்சு. நாலு வருஷமா ஒருத்தர் பாக்கெட்ல இருந்து நாங்க சேவை பண்ணிட்டிருந்திருக்கோம்.

நான் கெத்தா சொன்னேன், "பேக்கப்தான் தினமும் ஓடுதே அண்ணா. அதை எடுத்து நம்ம லேப் சர்வர்ல ரீஸ்டோர் பண்ணிட்டா முடிஞ்சுது." அதுக்கு முந்தின செமஸ்டர்லதான் கிளவுட் கம்ப்யூட்டிங் பேப்பர்ல பேக்கப் அண்ட் ரெக்கவரிக்கு பதிமூணு மார்க் கேள்வியை மூணு பக்கம் எழுதிட்டு வந்திருந்தேன். படம்லாம் போட்டு.

சரி, இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா போறேன். வேற டிபார்ட்மென்ட் ஆட்கள் பயப்படாதீங்க.

பேக்கப்னா ஒரு ஃபைல், அதை டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல போட்டுக்கலாம்னுதான் நான் நினைச்சிருந்தேன். ஏ.டபிள்யூ.எஸ்-ல டிஸ்க்கோட பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட்னு பேர். அது ஃபைல் இல்ல. டிஸ்க்கைத் துண்டு துண்டா வெட்டி, முந்தின தடவைக்கு அப்புறம் எந்தத் துண்டு மாறியிருக்கோ அதை மட்டும் அவங்க ஸ்டோரேஜ்ல சேர்த்து வைக்கிற ஏற்பாடு. கன்சோல்ல டவுன்லோட் பட்டனே கிடையாது. அடகுக்கடையில நகையை வச்சுட்டு சீட்டை மட்டும் கையில வச்சிருக்கிற மாதிரிதான். அதே கடையில குடுத்தாதான் சீட்டுக்கு மதிப்பு. அந்த ஸ்னாப்ஷாட்ல இருந்து அங்கேயே புது டிஸ்க் ஒரு நிமிஷத்துல வந்துடும். வெளிய எடுத்துட்டுப் போறேன்னா வேற கதை.

வழி இல்லாம இல்ல. மெஷினை ஒரு இமேஜா மாத்தி, அதை வி.எம்.டி.கே. இல்ல வி.ஹெச்.டி. ஃபைலா எஸ்3-க்கு எக்ஸ்போர்ட் பண்ற வசதி ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒரு தனி ரோல் உருவாக்கணும். அண்ணா ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் வேலை முடிச்சுட்டு உட்கார்ந்து அதை உருவாக்கிக் குடுத்தார். ஓட்டினா எரர். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தா அந்த எக்ஸ்போர்ட் நடக்காது. நூத்துக்கணக்கான பேரோட போன் நம்பர் இருக்கே, திருடு போகக்கூடாதுன்னு 2021-லயே அவர் என்கிரிப்ட் பண்ணி வச்சிருந்தார். பொறுப்பா ஒருத்தர் பண்ணின காரியம் நாலு வருஷம் கழிச்சு எனக்கு முட்டுக்கட்டையா வந்து நின்னுச்சு. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? என்கிரிப்ட் ஆன ஸ்னாப்ஷாட்டை என்கிரிப்ஷன் இல்லாத காப்பியாவும் எடுக்க விடமாட்டாங்க. அதுவும் நியாயம்தான்.

கடைசியா பழைய வழிக்கே வந்தேன். ஸ்னாப்ஷாட்ல இருந்து ரெண்டு டிஸ்க் உருவாக்கு: சிஸ்டம் 20 ஜிபி, டேட்டா 50 ஜிபி. ஒரு தற்காலிக மெஷினை எழுப்பு. அதுல ரெண்டையும் மாட்டு. டிடி கமாண்ட்ல முதல் பைட்ல இருந்து கடைசி பைட் வரைக்கும் படிச்சு ஜிஜிப்ல அமுக்கு. எழுதும்போது எளிமையா இருக்கு. டிஸ்க்கை மும்பையோட ஒரு ஜோன்லயும் மெஷினை வேற ஜோன்லயும் உருவாக்கிட்டு, ஏன் மாட்ட முடியலன்னு ஒரு மதியம் முழுக்க முழிச்சேன். ரெண்டும் ஒரே ஜோன்ல இருக்கணும். அப்புறம் ஸ்னாப்ஷாட்ல இருந்து வந்த டிஸ்க் முதல் தடவை படிக்கும்போது ஆமை மாதிரி நகரும், ஏன்னா ஒவ்வொரு துண்டும் அப்பதான் பின்னாடி ஸ்டோரேஜ்ல இருந்து இறங்கி வருது. இதெல்லாம் என் பதிமூணு மார்க் பதில்ல இல்ல.

அடுத்தது நம்ம கேம்பஸ் ஃபயர்வால். போர்ட் 22 வெளிய போகாது. அதனால கமாண்ட் அடிக்க என் மொபைல் ஹாட்ஸ்பாட், ஃபைல் இறக்க லேப் நெட். அமுக்கின ஃபைலை எஸ்3-ல ஏத்தி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்கிற ஒரு லிங்க் எடுத்து, விட்ட இடத்துல இருந்து தொடர்ற மாதிரி வெகெட்ல இறக்கினோம். ரெண்டு தடவை கரண்ட் போச்சு, ரெண்டு தடவையும் தொடர்ந்துச்சு. 70 ஜிபி அமுங்கி 9 ஜிபி சொச்சம்தான் ஆச்சு. மாசம் 100 ஜிபி வரைக்கும் வெளிய எடுக்கிறதுக்குக் காசு கிடையாதுங்கறதால அண்ணா பில்லும் தப்பிச்சுது. இறங்கினதும் ரெண்டு பக்கமும் எஸ்.ஹெச்.ஏ. செக்சம் ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறல. அன்னிக்கு என்னைப் பார்த்திருக்கணும் நீங்க, அவ்வளவு பெருமை.

நம்ம லேப்ல அந்தப் பழைய ரேக் சர்வர் இருக்கே, ஜெட் விமானம் மாதிரி சத்தம் போடுமே, அதுல ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு வச்சிருக்கார் லேப் அசிஸ்டெண்ட் அண்ணா. புதுசா ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, டிஸ்க் இமேஜ் ரெண்டையும் இம்போர்ட் பண்ணி ஸ்டார்ட் குடுத்தோம். கிரப் மெனு வந்துச்சு. கைதட்டினோம். அதுக்கப்புறம் ஒண்ணரை நிமிஷம் ஒரு வரி மட்டும் ஓடுச்சு, ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கேன்னு. பிறகு எமர்ஜென்சி மோட். அதுக்குக் கீழ, ரூட் அக்கவுண்ட் லாக் ஆகியிருக்கு, கன்சோலைத் திறக்க முடியாதுன்னு ஒரு வரி.

கிளவுட்ல வாழ்ந்த மெஷினை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா அது இப்படித்தான் பண்ணும். அங்க ரெண்டாவது டிஸ்க்குக்கு பேர் என்.வி.எம்.இ-ன்னு ஆரம்பிக்கும். எஃப்எஸ்டாப் ஃபைல்ல அந்தப் பேரையே எழுதி வச்சிருக்காங்க. இங்க அந்த டிஸ்க் வேற பேர்ல வந்து நிக்குது. மெஷின் "அவரைக் காணோமே"ன்னு காத்திருந்து படுத்துக்கிச்சு. சரி, உள்ள போய் மாத்தலாம்னா பாஸ்வேர்டே கிடையாது, ஏன்னா கிளவுட் மெஷின்ல எஸ்.எஸ்.ஹெச். கீ வச்சுதான் நுழைவாங்க, ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வைக்கிறதே இல்ல. லைவ் ஐ.எஸ்.ஓ-ல பூட் பண்ணி, பழைய டிஸ்க்கை மவுண்ட் பண்ணி, பேருக்குப் பதிலா யூ.யூ.ஐ.டி-யும், கூடவே நோஃபெயில்ங்கற வார்த்தையும் போட்டேன். அந்த ஒரு வார்த்தை இருந்தா, டிஸ்க் இல்லைன்னாலும் மெஷின் பாட்டுக்கு எழுந்துக்கும்.

எழுந்துச்சு. ஆனா நெட்வொர்க் இல்ல. நெட்பிளான் ஃபைல்ல பழைய நெட்வொர்க் கார்டோட மேக் அட்ரஸைக் குறிச்சு வச்சிருக்கு, இங்க வேற மேக். அதையும் மாத்தியாச்சு. அப்பவும் பூட் ஆக அநியாயத்துக்கு நேரம் எடுத்துச்சு. 169.254.169.254-ன்னு ஒரு முகவரி இருக்கு. அமேசான் மெஷின் எழுந்ததும் "நான் யாரு, என் பேர் என்ன"ன்னு அங்கதான் கேக்கும். நம்ம லேப்ல அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லுவா? கிளவுட்-இனிட்டை முடக்கின பிறகுதான் சமாதானம் ஆச்சு. ரெட் ஹேட் குடும்பத்து மெஷினா இருந்தா இன்னொரு தலைவலியும் இருக்கு. அதோட இனிட்ராம்எஃப்எஸ்-ல அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர் மட்டுமே இருக்கிறதால, புது இடத்துல டிஸ்க்கையே பார்க்க முடியாம நிக்கும். நமக்கு உபுண்டுங்கறதால அது வரல.

இந்த மூணு நாள் வேலையும் காலைல ஒம்போதுல இருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும்தான். கேர்ள்ஸ் ஹாஸ்டல் கேட் ஏழு மணிக்கு. என் கூட வேலை பார்த்த பசங்க பத்து மணி வரைக்கும் லேப்ல இருந்துட்டு, "பூட் ஆயிடுச்சு"ன்னு போட்டோ அனுப்புவாங்க. நான் மாட்டுன பைப்பில தண்ணி வர்றதை நான் வாட்ஸ்அப்ல பார்க்கணும். இதைப் பத்தி தனியா ஒரு கட்டுரை எழுதலாம்னு எடிட்டர்ஸ்கிட்ட சொல்லியிருக்கேன்.

வியாழக்கிழமை மதியம் லேப்ல பிரவுசரைத் திறந்தேன். சிவப்புக் கலர் ஹோம் பேஜ், அந்த சொட்டு லோகோ, எல்லாம் அப்படியே வந்துச்சு. அட்மின் லாகின் போட்டேன், வேலை செஞ்சுது. தேடுற கட்டத்துல என் பேரை அடிச்சேன். இருந்துச்சு. முதல் வருஷம், 2023 மார்ச் கேம்ப்ல பதிவு பண்ணினது. அன்னிக்கு எடை 43 கிலோன்னு என்னைத் திருப்பி அனுப்பினாங்க, குறைஞ்சது 45 வேணும். அந்தக் குறிப்பு உட்பட இருந்துச்சு. சிரிச்சுட்டேன்.

உடனே அண்ணாவுக்குப் போன். "எல்லாம் வந்துடுச்சுண்ணா."

"சூப்பர்மா. அப்ப நான் இங்க க்ளீன் பண்ணிடவா? இன்னொரு டேட்டாபேஸும் ஓடிட்டிருக்கு போல இருக்கே, அதையுமா?"

"எல்லாத்தையும் அடிச்சிடுங்கண்ணா. ஏதோ பழைய டெஸ்ட்டா இருக்கும்."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல.

சனிக்கிழமை காலையில என்.எஸ்.எஸ். நம்பருக்கு ஒரு கால். ஜி.ஹெச்-ல ஒரு டெலிவரி கேஸ், பி நெகட்டிவ் வேணும். போனை எடுத்தது ரெண்டாவது வருஷத் தம்பி ஒருத்தன். புது சைட்ல தேடினான். ஏழு பேர் வந்தாங்க. முதல் ஆளுக்கு அடிச்சா சென்னையில இருக்கார். ரெண்டாவது ஆள் புனே. மூணாவது நம்பர் உபயோகத்துல இல்ல. ஏழு பேருமே பாஸ் அவுட் ஆனவங்க. அவன் எனக்குப் போன் பண்ணி, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டான்: "அக்கா, நானே பி நெகட்டிவ்தான். என் பேரே இதுல இல்லயேக்கா?"

எனக்கு வயித்துல ஏதோ கரைஞ்சுது. "நீ முதல்ல ஜி.ஹெச்-க்குக் கிளம்பு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொன்னேன். அவன் ஏற்கனவே பைக்ல ஏறியிருந்தான். போய்க் குடுத்துட்டான், அந்த அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்காங்கன்னு சாயங்காலம் தகவல் வந்துச்சு. போனை எடுத்தவனே பி நெகட்டிவா இருந்தது எங்க அதிர்ஷ்டம். அது ஏ.பி. நெகட்டிவா இருந்திருந்தா?

சனிக்கிழமை லேப் அரை நாள். ஓடிப்போய் டேட்டாபேஸைத் திறந்து கடைசி ரோவைப் பார்த்தேன். தேதி 2023 ஆகஸ்ட்.

பிறகு ஒவ்வொண்ணா புரிஞ்சுது. 2023-ல ஒரு கேம்ப் அன்னிக்கு அந்தச் சின்ன மெஷின்ல மெமரி பத்தாம டேட்டாபேஸ் செத்துப் போயிருக்கு. அப்ப ஃபைனல் இயர்ல இருந்த ஒரு அக்கா, இனி இப்படி ஆகக்கூடாதுன்னு டேட்டாபேஸை மட்டும் தனியா ஆர்.டி.எஸ்-ங்கற சேவைக்கு மாத்தியிருக்காங்க. அது வேற மெஷின். நாங்க "பேக்கப், பேக்கப்"னு சொல்லிட்டிருந்த ஸ்னாப்ஷாட்ல அது வரவே வராது. ரெண்டு வருஷமா நாங்க தினமும் ராத்திரி மூணு மணிக்குக் காலி வீட்டைப் போட்டோ எடுத்து வச்சிட்டிருந்தோம். அக்கா இதை ரீட்மீ ஃபைல்ல அழகா எழுதியும் வச்சிருக்காங்க. நான் அதைத் திறந்தது அந்த சனிக்கிழமைதான். எனக்கு அண்ணா குடுத்திருந்த யூசர்ல மெஷின், எஸ்3 ரெண்டும் மட்டும்தான் தெரியும், ஆர்.டி.எஸ். பக்கம் கண்ணுக்கே தெரியாது. ஆனா பில் மாசா மாசம் வந்துட்டுதான் இருந்துச்சு. அதுல ஒரு தனி வரி இருந்துச்சு. இவ்வளவு சின்ன மெஷினுக்கு ஏன் நாலாயிரம்னு ஒருத்தரும் கேக்கல.

அப்ப சைட் எப்படி எரரே இல்லாம ஓடுச்சு? இதுதான் எனக்கு இன்னும் ஆறல. டேட்டாபேஸ் எங்க இருக்குங்கற முகவரியை சைட் பூட் ஆகும்போது அமேசான்கிட்ட இருந்து வாங்கிக்கும். லேப்ல அது கிடைக்கல. கிடைக்காட்டி என்ன பண்றதுன்னு கோட்ல ஒரு வரி: லோக்கல்ஹோஸ்ட். அதாவது, இந்த மெஷினுக்குள்ளயே தேடு. உள்ள 2023-ல கைவிட்ட பழைய டேட்டாபேஸ் இன்னும் உயிரோட ஓடிட்டிருந்துச்சு. சைட் அதைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்ச முகமா எழுந்து நின்னுச்சு. அந்த இடத்துல அது கீழ விழுந்திருந்தா, சிவப்பா ஒரு எரர் காட்டியிருந்தா, அண்ணா எதையும் அழிச்சிருக்க மாட்டார். நானோ 2023 மார்ச்ல சேர்ந்தவ. என் பேரைத் தேடினா கண்டிப்பா வரும்தானே? சரியா இருக்கான்னு பார்க்க, கண்டிப்பா சரியா இருக்கப்போற ஒண்ணே ஒண்ணை எடுத்துப் பார்த்திருக்கேன்.

இன்னொரு விஷயம். ரத்தம் குடுத்தா ஆண்கள் மூணு மாசம், பெண்கள் நாலு மாசம் இடைவெளி விடணும். அந்தக் கணக்கை சைட்டே பார்த்து, நாள் ஆகாதவங்களை மறைச்சுடும். பழைய டேட்டாவுல அந்தத் தேதியெல்லாம் 2023-லயே நின்னு போச்சு. போன வாரம் குடுத்தவரைக்கூட "ரெடி"ன்னு காட்டியிருக்கும்.

அண்ணாவுக்குப் போன் பண்ணினேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கப் போயிட்டிருந்தார், ஓரமா நின்னு லேப்டாப்பைத் திறந்தார். ஆர்.டி.எஸ்-ல டேட்டாபேஸை அழிக்கும்போது கடைசியா ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கட்டுமா, தானா எடுத்த பேக்கப்களை வச்சுக்கட்டுமான்னு கேக்கும். அப்புறம் கட்டத்துல "டிலீட் மீ"ன்னு நம்ம கையாலயே டைப் பண்ணச் சொல்லும். ரெண்டையும் வேண்டாம்னுட்டு டைப் பண்ணியிருக்கார், நான் சொன்னதை நம்பி. சப்போர்ட்ல கேட்டோம், முடியாதுன்னாங்க. அவர் என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நானும் ஒரு தடவை பார்த்திருக்கணும்மா"ன்னார்.

உங்களுக்கு கிட்லேப் கதை தெரிஞ்சிருக்கும். 2017 ஜனவரி 31. ஒரு இன்ஜினியர் தூக்கக் கலக்கத்துல தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சிட்டார். சுமார் 300 ஜிபியில நிறுத்துறதுக்குள்ள 4.5 ஜிபிதான் மிச்சம். அவங்ககிட்ட ஒண்ணுக்கு அஞ்சு வகையான பேக்கப் ஏற்பாடு இருந்துச்சு, ஒண்ணும் உருப்படியா உதவல. ஒரு பேக்கப் வெர்ஷன் பொருந்தாம தினமும் ஃபெயில் ஆகிட்டிருந்திருக்கு, அந்த எரர் மெயில் யாருக்கும் போய்ச் சேரவே இல்ல. கடைசியில ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற ஏதோ வேலைக்காக ஒருத்தர் கையால எடுத்து வச்ச காப்பிதான் காப்பாத்துச்சு. அவங்க அதை மறைக்கல, மீட்கிற வேலையை யூடியூப்ல லைவா காட்டினாங்க. ஹெச்.ஓ.டி. மேடம் ரூம் வாசல்ல நின்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. உள்ள போய் எல்லாத்தையும் சொன்னேன். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "எத்தனை பேரோட டேட்டா போச்சு?" எனக்குத் தெரியல. நகர்த்துறதுக்கு முன்னாடி எத்தனை ரோ இருக்குன்னு எண்ணக்கூட இல்ல.

எங்களைக் காப்பாத்தினதும் கையால எடுத்த ஒண்ணுதான். 2025 பிப்ரவரி கேம்ப்புக்காக, நெட் இல்லாத ஆடிட்டோரியத்துல வேணுமேன்னு ஒரு வாலண்டியர் மொத்த லிஸ்ட்டையும் எக்செல்ல இறக்கி வச்சிருந்தா. தன் லேப்டாப்ல, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல, "ஃபைனல் ஃபைனல் 2"ங்கற பேர்ல. நியாயமா பார்த்தா அது தப்பு. நூத்துக்கணக்கானவங்க போன் நம்பர் ஒருத்தி லேப்டாப்ல பூட்டு இல்லாம கிடக்கக்கூடாது, கேம்ப் முடிஞ்சதும் அழிச்சிருக்கணும். அழிக்காம விட்டதுக்கு நான் அவளுக்குப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன். அப்புறம் அழிக்க வச்சேன்.

பிப்ரவரிக்கு அப்புறம் சேர்ந்தவங்க, அதாவது புது முதல் வருஷம் மொத்தமும், போனது போனதுதான். அதுக்காகத்தான் அந்த நவம்பர் முழுக்க கிளாஸ் கிளாஸா ஏறி இறங்கினோம். மெக்கானிக்கல் பி செக்‌ஷன்ல "ஏற்கனவே குடுத்தோமே, எங்க டேட்டாவை வித்துட்டீங்களா?"ன்னு ஒருத்தன் கேட்டான். கிளாஸே சிரிச்சுது. எனக்கு பதில் வரல, ஏன்னா அவன் கேட்டது சரியான கேள்வி.

இப்ப என்ன நிலைமைன்னு சொல்லிடறேன். கோட்ல அந்த லோக்கல்ஹோஸ்ட் வரியைத் தூக்கியாச்சு. முகவரி இல்லேன்னா சைட் எழாது, அவ்வளவுதான். டேட்டாபேஸ் தினமும் தனியா டம்ப் ஆகுது: ஒரு காப்பி லேப்ல, ஒண்ணு லைப்ரரி பில்டிங்ல இருக்கிற வேற மெஷின்ல, ஒண்ணு பூட்டு போட்டு கிளவுட்ல. மூணு காப்பி, ரெண்டு வகை இடம், ஒண்ணாவது வெளிய. இந்த 3-2-1 கணக்கைப் பிரபலப்படுத்தினது பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராபராம், சர்வர் ஆள்கூட இல்ல. பாஸ் அவுட் ஆகி ஒரு வருஷம் ஆனவங்க நம்பரை, அவங்க இருக்கட்டும்னு சொன்னா ஒழிய, அழிச்சுடறோம்.

மாசம் ஒரு சனிக்கிழமை, டம்ப்பை எடுத்து ஒண்ணுமில்லாத காலி மெஷின்ல ரீஸ்டோர் பண்றோம். அதை நான் பண்றதில்ல. நான் மே மாசத்தோட போயிடுவேன். பி நெகட்டிவ் தம்பிதான் பண்றான், ரீட்மீயை மட்டும் பார்த்து. நான் பக்கத்துல வாயை மூடிட்டு உட்கார்ந்திருப்பேன். முதல் தடவை அவன் மூணு இடத்துல மாட்டிக்கிட்டான். மூணும் நான் எழுத மறந்த வரிகள். முடிஞ்சதும் அவன் பார்க்கிறது ரெண்டே ரெண்டு: மொத்தம் எத்தனை ரோ, கடைசி ரோவோட தேதி என்ன. தன் பேரைத் தேடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவன் கடைசியா சேர்ந்தவங்க பேரைத் தேடுறான்.

அடுத்த ரீஸ்டோர் வர்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கீழ்த்தளம் லேப். சாவி லேப் அண்ணாகிட்ட இருக்கும். ரெண்டாவது, மூணாவது வருஷம் யாராவது ரெண்டு பேர் வந்தா நல்லது, அந்தத் தம்பி தனியா இருக்கான். சர்வர் பத்தி ஒண்ணும் தெரியலைன்னாலும் பரவால்ல, ரீட்மீயைச் சத்தமா படிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும். அப்படியே இன்னும் ஃபார்ம் ஃபில் பண்ணாதவங்க, முக்கியமா நெகட்டிவ் குரூப்காரங்க, அங்கயே பண்ணிட்டுப் போயிடுங்க. எனக்கு இப்ப 47 கிலோ. ஜனவரில குடுத்துட்டேன்.